இளவேனிலில் ஓர் ஏக்கர் தோட்டம்: எதைப் பார்த்துக்கொள்வது, எதை ரசிப்பது

பங்குனி பிறந்ததிலிருந்து அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4 வரை ஏறத்தாழ 50 நாள். தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டைச் சுற்றி அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ மரமும் மல்லியும் காய்கறியுமாக வைத்திருப்பவர்களுக்கு ஆண்டிலேயே நிறைவான நாட்கள் இவைதான். மல்லி மொட்டுக் கட்டுகிறது. மாவடு கோலிக்குண்டு அளவைத் தாண்டுகிறது. வேம்பு பூக்கிறது, பலா அடிமரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது. வெயில் ஏறினாலும் இன்னும் முற்றவில்லை.

மே மாதம் ஒரு மரம் வாடி நின்றால், பெரும்பாலும் மார்ச்சில் செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். விட்டுப்போவது வழக்கமாக இரண்டு வேலைகள். எந்த மரத்துக்கு முதலில் தண்ணீர் என்று முடிவு செய்திருக்க மாட்டோம். மண்ணை மூடாமல் வெயிலில் காயப் போட்டிருப்போம். இந்த இரண்டையும் பங்குனி முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அதன்பிறகு விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம் போதும். அதில் பாதி நேரம் சும்மா நின்று பார்ப்பதற்கே மிஞ்சும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு தாளில் தோட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதி, எதிரே ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று குறியுங்கள். காய்க்கும் தென்னைக்குச் சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது நல்ல அளவு. 15 மரம் இருந்தால் 975 லிட்டர். காய்கறிப் பாத்திக்கு எளிய வழி உண்டு. ஏப்ரல் வெயிலில் மண்ணும் செடியுமாக நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் நீரை இழக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். ஒரு சென்ட் பாத்தி 40 சதுர மீட்டர், ஆக 200 முதல் 240 லிட்டர். கிணறோ ஆழ்துளையோ தரும் தண்ணீரை இதோடு ஒப்பிட்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தட்டுப்பாடு வந்தால் முதலிடம் மூன்று வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு. வேர் இன்னும் ஆழம் போகாததால், ஒரு வாரம் தவறினாலே கன்று போய்விடும். அடுத்தது காய் பிடித்து நிற்கும் மா, எலுமிச்சை. பிறகு மல்லியும் காய்கறியும். தென்னை உடனே வாடிக் காட்டாது. அதனால்தான் பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. தென்னையில் பாளைக்கான கரு, பாளை வெளியே தெரிவதற்கு இரண்டாண்டுக்கும் மேல் முன்னரே மட்டைக்குள் உருவாகிவிடும். இந்தக் கோடையில் காய்ந்த மரம் இப்போது குரும்பை உதிர்க்கும். அடுத்த இரண்டாண்டுக் காய்ப்பிலும் அந்த வறட்சி தெரியும். 65 லிட்டர் முடியாவிட்டால் 30, 40 லிட்டராவது தவறாமல் கொடுங்கள். வேரூன்றிய வேம்பு, புளி, புங்கம், பனை ஆகியவற்றுக்கு ஒரு சொட்டும் தேவையில்லை.

சொட்டுநீர் போட்டிருந்தால், அது உண்மையில் எவ்வளவு சொட்டுகிறது என்று இப்போதே அளந்துவிடுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஒரு நிமிடத்தில் சுமார் 67 மில்லி தர வேண்டும், 8 லிட்டர் என்றால் 133 மில்லி. அடியில் ஒரு டம்ளர் வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பாதிதான் வருகிறது என்றால் முதலில் வடிகட்டியைக் கழுவுங்கள். பிறகு பக்கக்குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். அப்படியும் வராத சொட்டுவானில் உப்புப் படிந்திருக்கும். மாற்றிவிடுவதே நல்லது. மோட்டார் ஓடுகிறது, தரை ஈரமாகத் தெரிகிறது என்று நம்பியிருந்து, வரிசையின் கடைசி நான்கு மரம் மாதக்கணக்கில் காய்ந்து கிடப்பதைப் பல தோட்டங்களில் காணலாம்.

நீர் விட வேண்டியது தண்டின் அடியில் அல்ல. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில்தான் உறிஞ்சும் வேர்கள் அதிகம். அங்கே வட்டவாய்க்கால் எடுத்து விடுங்கள். போதுமா என்று மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு சாண் ஆழம் தோண்டி அந்த மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் இன்று வேண்டாம், உதிர்ந்தால் விட வேண்டும். கறுப்புக் குழாயில் வெயிலில் தேங்கிய நீர் கை சுடும். அதை முதலில் ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, குளிர்ந்த நீர் வந்தபின் செடிக்குக் காட்டுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் மட்டம் இறங்க இறங்க நீரில் உப்பு ஏறும் இடங்களும் உண்டு. இலையின் ஓரமும் நுனியும் மட்டும் தீய்ந்து, நடுப்பகுதி பச்சையாக நின்றால் உப்பைச் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு மேல்மண்ணிலேயே சேரும். நாள் விட்டு, ஆழமாக நனையும்படி விடுவது மேல்.

கன்றுகளுக்குப் பானை

கன்று வரிசைக்குக் குழாய் எட்டவில்லை என்றால் பானைப் பாசனத்தைப் போல் சிக்கனமானது வேறில்லை. மெருகு பூசாத, 5 முதல் 7 லிட்டர் பிடிக்கும் மண்பானை வாங்குங்கள். வண்ணம் அடித்த பானை ஆகாது, அதில் நீர் கசியாது. கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, சுற்றிலும் மண்ணை இறுக்காமல் அணையுங்கள். நிரப்பிவிட்டு மூடியோ ஓட்டுச்சில்லோ போட்டு மூடுங்கள். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும், ஓணானும் விழும். சுற்று மண் உலர உலரப் பானை தானே கசியும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். ஒரு வாரமாகியும் மட்டம் இறங்கவில்லை என்றால் துளைகளை உப்பு அடைத்திருக்கிறது என்று பொருள். எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

கன்றுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் தென்னங்கீற்று ஒன்றைச் சாய்த்து நடுங்கள். காலை வெயில் செடிக்கு வேண்டும். வதைப்பது பிற்பகல் வெயில்தான். இளமரங்களின் தண்டில் நீர்த்த சுண்ணாம்பைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து முதல் கிளை வரை பூசினால் பட்டை வெடிக்காது.

மூடாக்கு

வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலை கொட்டும். அதைக் கூட்டிக் கொளுத்துவதைவிடப் பெரிய விரயம் தோட்டத்தில் கிடையாது. ஏப்ரலில் தண்ணீர் மிச்சம் பிடிக்கப்போவது அந்த இலைதான். முதலில் பாத்தியை நன்றாக நனையுங்கள். அதன்மேல் நான்கு விரல்கடை உயரத்துக்குச் சருகு பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு வெறுமையாக விடுங்கள். ஒட்டிப் போட்டால் ஈரத்தில் பட்டை அழுகும், கறையானும் ஏறும். காய்ந்த மண்ணின்மேல் மூடாக்குப் போடுவது வீண். விடும் தண்ணீரைச் சருகே குடித்துவிடும்.

தென்னைக்கு 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, 100 தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். அல்லது காய்ந்த கீற்று 15, அல்லது 10 சென்டிமீட்டர் உயரம் தென்னை நார்க்கழிவு. இதே மட்டையை மண்ணுக்குள் குழியில் புதைப்பதாக இருந்தால் முறை தலைகீழ்: குழிந்த பக்கம் மேலே. மண்ணுக்குள் அது நீரைப் பிடித்து வைக்கும் கிண்ணம். மேலே போடும்போது வெயிலை மறைக்கும் ஓடு. குழிந்த பக்கத்தை மேலே வைத்துத் தரையில் பரப்பினால், கோடை மழையில் நூறு கிண்ணத்திலும் கொசுப்புழு வளரும். கறையான் உள்ள மண்ணில் மூடாக்கின் அடியில் வேப்பம்புண்ணாக்கைத் தூவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூடாக்குக்கும் மட்டைக் குவியலுக்கும் அடியில் குளிர்ச்சி இருப்பதால் பாம்பு தங்கும். வெறுங்கையை நுழைக்காமல் கம்பால் கிளறிவிட்டுத் தொடுங்கள். இருட்டில் போனால் காலில் செருப்பும் கையில் டார்ச்சும் இருக்கட்டும்.

விடியல்: மல்லி

கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிய குண்டுமல்லி இப்போது பூத்துத் தள்ளும். பறிப்பது சூரியன் ஏறும் முன். நன்றாகத் திரண்டு வெளுத்து, இன்னும் இதழ் அவிழாத மொட்டாகப் பார்த்துக் கிள்ளுங்கள். பச்சை படர்ந்த மொட்டு நாளைக்கு. வெயில் பட்டபின் பறித்த மொட்டு மாலையில் ஒழுங்காக மலராது, மணமும் பாதியாகிவிடும். பறித்ததை ஈரத் துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிப் பழுக்கும்.

பறிக்கும்போதே மொட்டுகளை உற்றுப் பாருங்கள். மூன்று விதக் கேடு வரும், மூன்றுக்கும் அடையாளம் வேறு. இரண்டு மூன்று மொட்டுகளை நூலால் பின்னியதுபோல் ஒட்டி, நடுவில் துளை இருந்தால் மொட்டுப்புழு. அந்தக் கொத்தையே கிள்ளி அழித்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். மொட்டு வளராமல் ஊதாவாகச் சிவந்து, அடி வீங்கிக் காய்ந்தால் மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்த மொட்டுகளைக் கூட்டி எடுப்பதும், செடியடி மண்ணைக் கொத்தி வெயில் காட்டுவதும் மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். இலையின் மேல் வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டினால் நகரும் செம்புள்ளிகளாக விழும். சூடும் புழுதியும் அதற்குப் பிடிக்கும். விடிந்ததும் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், தொடர்ந்து மூன்று நாள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. பூசணி, வெள்ளரி வகைகள்மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அவை தாங்காது.

கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. பெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு என்பது அளவு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, காலையில் வெண்பால் நிற்கும்வரை பிழிந்து, வடிகட்டி, இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, அன்று மாலையே அடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். போன ஆண்டுக் கொட்டை என்றால் பூசணம் பிடித்திருக்கிறதா பாருங்கள். கறுத்த பருப்பில் பயனில்லை.

காலைப் பூவும் மாலைப் பூவும்

பந்தலில் பூ நிறைய இருந்தும் பிஞ்சு நிற்பதில்லை என்ற குறை கோடையில் அதிகம். ஒரு காரணம், வெப்பமும் பகல்நீளமும் கூடும்போது கொடி ஆண்பூவையே அதிகம் விடும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொரு காரணம் மகரந்தம் சேராதது. அதைக் கையால் சரிசெய்யலாம், நேரம் தெரிந்தால். பூசணி, வெள்ளரி, பாகல் விடியலில் விரியும்; 6 மணி முதல் 8 மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். பீர்க்கு, சுரை, புடலை அந்தியில் விரிபவை. பகல் பத்து மணிக்குப் பீர்க்கம்பூவோடு போராடிப் பயனில்லை.

பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்பு. அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் முதிர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலைகுனிந்து பருத்தால் பிடித்துவிட்டது. மஞ்சளாகச் சூம்பினால் பிடிக்கவில்லை.

மாலை ஆறரை மணிக்குச் சுரைப்பந்தலின் கீழே நின்று பாருங்கள். முறுக்கிய வெள்ளை மொட்டு கண்ணெதிரே தளர்ந்து, சுருக்கம் விட்டு, இருட்டுவதற்குள் உள்ளங்கை அகலம் விரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அந்துப்பூச்சிகள் வரும். அவை வரும் தோட்டத்தில் சுரைக்குக் கைவேலை அதிகம் தேவைப்படாது. பந்தலின் அருகே இரவில் விளக்கு எரிந்தால் பூச்சி விளக்கைத்தான் சுற்றும். அணைத்துவிடுங்கள்.

தக்காளியைப் பற்றி ஒரு சொல். பகல் 35, இரவு 24 டிகிரியைத் தாண்டினால் அதன் பூ உதிரும். உரம் போட்டுக் காப்பாற்ற முடியாது. இந்தப் பருவத்துக்கு வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை போதும். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோல் தெரியும் செடி வந்தால் உடனே பிடுங்குங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி, மருந்தில்லை.

மா

இந்த மாதங்களில் அதிகம் கவலைப்பட வைப்பது மாங்காய் உதிர்வு. பூங்கொத்தின் பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கனியாக நிற்காது. பட்டாணி அளவிலும் கோலி அளவிலும் உதிர்வது இயல்பு. பெருக்கி எடுத்து மாவடு போடுங்கள். எலுமிச்சை அளவைத் தாண்டியபின் உதிர்ந்தால்தான் பார்க்க வேண்டும். அப்போது பெரும்பாலும் காரணம், ஒரு மாதம் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாக விட்ட தண்ணீர்தான். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததிலிருந்து 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை சீராக விடுங்கள். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது நிறுத்துங்கள். கடைசிவரை நீர் பாய்ந்த மரத்தின் பழம் சப்பென்று இருக்கும்.

அடுத்தது பழ ஈ. அது காய் முதிரும்போது தோலில் முட்டையிடும். பழுத்தபின்தான் உள்ளே புழு தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அறுவடைக்கு 45 நாள் முன்பே, மீத்தைல் யூஜினால் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்த பொறிகளை ஏக்கருக்கு 5 முதல் 8 வரை, ஆள் உயரத்தில், நிழலான கிளையில் கட்டுங்கள். இந்தப் பொறிக்கு ஆண் ஈ மட்டுமே வரும். தாமதமாகக் கட்டினால் பெண் ஈக்கள் இணைசேர்ந்து முடித்திருக்கும். இதே பொறியைப் பாகல், பீர்க்குப் பந்தலில் கட்டிவிட்டு ஈ விழவில்லை என்பார்கள். கொடிக்காய்களைத் துளைக்கும் ஈ வேறு இனம், அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப்பொருள் வேண்டும். பொறியைவிட முக்கியம், விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குவது. பொறுக்கியதைக் குப்பையில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்துவிட்டு, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

செந்தூரம், பங்கனப்பள்ளி முதலில் வரும்; நீலம் ஆனி வரை காத்திருக்கும். முதிர்ந்ததா என்று அறிய, காம்பைச் சுற்றித் தோள்கள் மேலெழும்பிக் காம்பு குழிக்குள் இருக்கிறதா பாருங்கள். ஐயம் இருந்தால் ஒரு காயைப் பறித்து வாளி நீரில் போடுங்கள். மூழ்கினால் முதிர்ந்தது, மிதந்தால் பிஞ்சு. நான்கு விரல்கடைக் காம்போடு பறித்து, நிழலில் காம்பை ஒட்ட நறுக்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி சாக்கின்மேல் மூன்று நான்கு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். பால் வடிந்துவிடும். அந்தப் பால் தோலில் வழிந்தால் கறுத்துச் சுட்டதுபோல் தழும்பாகும், பூசணமும் அங்கேதான் தொடங்கும். பிறகு வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது தடை செய்யப்பட்டது. சொந்த மரத்துப் பழத்துக்கு அது எதற்கு?

பலாவும் எலுமிச்சையும்

பலாவில் சிறு பிஞ்சுகள் கறுத்துப் பஞ்சுபோல் பூசணம் படர்ந்து உதிர்வதைப் பார்த்து மருந்தடிக்க ஓடுகிறார்கள். விரல் தடிமனில், மேல்பகுதி வழவழப்பாக, காம்பும் மெலிந்து இருந்தால் அவை ஆண் பூங்கொத்துகள். மகரந்தம் உதிர்த்தபின் விழுவது அவற்றின் முறை. தடித்த காம்பில், வளையம்போல் பட்டையோடு இருப்பவைதான் காயாகும். ஆண் கொத்து அழுகி நல்ல பிஞ்சின்மேல் ஒட்டிக்கிடந்தால் மட்டும் எடுத்துப் போடுங்கள். ஒரே காம்பில் மூன்று நான்கு காய் இருந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கறிக்குப் பறித்துவிடலாம். முள் அகன்று மழுங்கி, தட்டினால் மந்தமாக ஒலித்து, காம்பின் கடைசி இலை மஞ்சளானால் வெட்டும் பருவம்.

எலுமிச்சை வெடிப்பதற்குக் காரணம் நோய் அல்ல. தோல் காய்ந்து இறுகியபின் திடீரென்று கிடைக்கும் நீரில் உள்சதை பருத்து, தோல் கிழிகிறது. சீரான நீரும் மூடாக்கும் இருந்தால் வெடிப்பு நிற்கும். இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடக்கும் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. வளர்ந்த மரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், இலை அதற்குப் போதும். சிறு கன்றை மொட்டையாக்கினால் பெரிய மரத்துக்கோ முற்றிய கறிவேப்பிலைக்கோ எடுத்து மாற்றுங்கள்.

தென்னையும் வாழையும்

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, வறண்ட மாதங்களில் பெருகும். கீற்றின் அடியில் வெள்ளை மெழுகுச் சுருளும், கீழ்க்கீற்றின் மேல் கரும்பூசணமும் அடையாளம். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற சிறு குளவி அந்த மருந்தில் செத்துவிடும், ஈ மறுபடி பெருகும். குட்டை மரமானால் கீற்றின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தண்டில் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு மைதாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கஞ்சியாக்கித் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு உரிந்து விழும்.

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணக் கீறல் தெரிந்தால் காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். வண்டு பிறப்பது உங்கள் எருக்குழியில்தான். குழியைக் கிளறி, வளைந்து கிடக்கும் தடித்த வெண்புழுக்களைப் பொறுக்குங்கள். மரத்தில் மருந்து வைத்துவிட்டுக் குழியை மறந்தால் பயனில்லை.

வாழைக்கு ஆபத்து, கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று. தார் சாயும் பக்கத்தில் இரண்டு மூங்கில் கழிகளைக் கத்தரிக்காலாகக் கட்டி, கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். எதிர்ப்பக்கம் கட்டிய கழி வெறும் அலங்காரம்தான்.

ரசிப்பதற்கு

சித்திரையில் புங்கம் பூக்கும். மரத்தடி முழுக்கப் பொரி இறைத்தாற்போல் கிடப்பதை இரண்டு நாளாவது கூட்டாமல் விடுங்கள். மேலே தேனீக்களின் இரைச்சல் காது நிறையக் கேட்கும். சரக்கொன்றை வைத்திருந்தால் அதன் நாட்களும் இவைதான்.

வேப்பம்பூவைச் சேகரிக்க, இரவே மரத்தடியைக் கூட்டி, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். காலையில் வேட்டியின் நான்கு முனைகளைத் தூக்கினால் பூ நடுவில் சேரும். காம்பும் எறும்பும் போகப் புடைத்து, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் கறுக்கும். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூ, மீதி ஆண்டு முழுக்க ரசத்துக்கு.

எங்கோ பாத்திரம் தட்டுவதுபோல் ஒரே தாளத்தில் டொக், டொக் என்று பகல் முழுக்கக் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். காய்ந்த முருங்கைக் கிளையிலோ பட்ட கொம்பிலோ பொந்து குடைந்திருக்கும். குயில் கூவுவது இணையைத் தேடி, முட்டையிடுவது காக்கைக் கூட்டில். தேன்சிட்டு, தாழ்ந்த கிளை நுனியில் குப்பையும் நூலாம்படையும் சேர்த்துத் தொங்கு கூடு கட்டும். பார்த்தால் தானே வந்து சிக்கிய சருகு என்று தோன்றும், பக்கத்தில் துளை இருக்கும். இந்த மாதங்களில் கிளை கழிக்கவே கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். நிழல் இழந்த தண்டு வெயிலில் வெடிக்கும் என்பது இன்னொன்று. பட்ட கிளை என்றாலும் ஆபத்தில்லாவிட்டால் ஆடி வரை விடுங்கள்.

பறவைக்குத் தண்ணீர் வைக்க அகன்ற மண்தட்டு வேண்டும். இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல். ஆழமான பாத்திரத்தில் குஞ்சும் அணிலும் மூழ்கும். நீரைத் தினமும் கொட்டி, தட்டைத் தேய்த்து மாற்றுங்கள்.

வெறும் நிலத்துக்கு

கத்தரி, தக்காளி வாடி நூற்புழு தாக்கிய பாத்தி இருந்தால் அதற்கு வெயிலே மருந்து. கட்டி உடைத்துச் சமன்செய்து, நன்றாக நீர் பாய்ச்சி, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நான்கு ஓரமும் மண் போட்டு அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் இதற்கு ஆகாது, அதன் அடியில் மண் அவ்வளவு சூடேறாது. ஓரத்தில் காற்றுப் புகுந்தாலும் சூடு நிற்காது.

ஆடியில் மரம் நட நினைப்பவர்கள் இப்போதே மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணைத் தனியாக மறுபக்கம் குவியுங்கள். நடும்போது எருவோடு கலந்து திரும்பப் போவது மேல்மண். எடுத்த குழியைச் சுற்றி முள் வைத்து அடையுங்கள், ஆடுகளோ பிள்ளைகளோ விழுந்துவிடலாம்.

முதல் கோடை மழை பெய்து மண் புட்டுப்பதம் வந்ததும், காலியாக உள்ள நிலத்தைச் சரிவுக்குக் குறுக்காக ஓர் உழவு உழுங்கள். “சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்” என்பார்கள். கூட்டுப்புழுவும் கோரைக்கிழங்கும் மேலே வந்து காயும், அடுத்த மழை ஓடாமல் இறங்கும். மாமர நிழலுக்குள் மட்டும் கலப்பை போக வேண்டாம். அங்கே உறிஞ்சுவேர் மேலேயே இருக்கிறது, காயும் இன்னும் மரத்தில் இருக்கிறது.